ரத்தம் சிந்தாத மார்ட்டல் காம்பாட்: 1995-ஆம் ஆண்டுப் படத்தை இன்று பார்க்கலாமா?

படம் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் யாரோ ஒருவர் படத்தின் பெயரைத் தொண்டை கிழியக் கத்துகிறார். அதைத் துரத்திக்கொண்டு டெக்னோ தாளம் இடிக்க, தீப்பிழம்புகளுக்கு நடுவே டிராகன் முத்திரை எழுகிறது. கதை என்ன, நாயகன் யார் என்று எதுவும் தெரியாத அந்த நிலையிலேயே பார்ப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார். 1995 ஆகஸ்ட் 18 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான ‘மார்ட்டல் காம்பாட்’ திரைப்படத்தை அண்மையில் இணையத்தில் வாடகைக்கு எடுத்து, அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் இருமுறை பார்த்தேன். சிறு வயதில் கேபிள் தொலைக்காட்சியில் விளம்பரங்களுக்கு இடையே துண்டு துண்டாகப் பார்த்த படம் இது. அன்று பிரம்மாண்டமாகத் தெரிந்த பல காட்சிகள் இன்று அட்டைப் பெட்டியாகத் தெரிகின்றன. அன்று கவனிக்காமல் விட்ட கெட்டிக்காரத்தனம் ஒன்று இன்று கண்ணில் படுகிறது.

அதைப் புரிந்துகொள்ள மூல விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1992-இல் சிகாகோவின் மிட்வே நிறுவனத்துக்காக எட் பூனும் ஜான் டோபியாஸும் மிகச் சிறிய குழுவோடு உருவாக்கிய ஆர்கேட் விளையாட்டு அது. சண்டைப்பட நடிகர் ழான்-கிளாட் வான் டாமை வைத்து ஒரு சண்டை விளையாட்டு செய்யலாம் என்று எழுந்த எண்ணம் கைகூடாமல் போக, அவரைக் கேலியாக நினைவூட்டும் ஜானி கேஜ் என்ற சினிமா நடிகன் பாத்திரம் அந்த விளையாட்டுக்குள் நுழைந்தது. வரைந்த உருவங்களுக்குப் பதிலாக உண்மையான மனிதர்களைப் படம்பிடித்து, அந்த உருவங்களையே மோதவிட்டது அதன் புதுமை. தோற்றவனின் தலையை முதுகெலும்போடு பிடுங்கி எடுக்கும் ‘ஃபேட்டாலிட்டி’ அதன் அவப்பெயர். 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் சபையில் வீடியோ கேம் வன்முறை குறித்து நடந்த விசாரணையில் முதன்மையாகப் பேசப்பட்ட விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. விளையாட்டுகளுக்கு வயது வரம்புத் தரச் சான்று வழங்கும் அமைப்பு மறு ஆண்டே அங்கு தோன்றியது.

அப்படிப்பட்ட விளையாட்டைப் படமாக்கும்போது தயாரிப்பாளர் லாரன்ஸ் கசனாஃபுக்கும் நியூ லைன் நிறுவனத்துக்கும் ஒரு சிக்கல் இருந்தது. ரத்தத்தைக் காட்டினால் விளையாட்டை விளையாடும் பதின்ம வயதினர் திரையரங்குக்குள் நுழைய முடியாது; காட்டாவிட்டால் ‘இது எங்கள் விளையாட்டே இல்லை’ என்று அதே பதின்ம வயதினர் காறித் துப்புவார்கள். அவர்கள் பதிமூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கான பி.ஜி.-13 சான்றிதழைத் தேர்ந்தெடுத்தார்கள், ரத்தத்தை விட்டார்கள். ஆனால் விளையாட்டின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் நான் சொன்ன கெட்டிக்காரத்தனம். ஒரு தீவு, ஒரு போட்டி, ஒருவரோடு ஒருவர் மோதல், வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போகிறார், கடைசியில் மாயாவி ஷாங் ட்சுங். பூலோகத்துக்கும் புறவுலகுக்கும் நடக்கும் இந்தப் போட்டியில் புறவுலகம் தொடர்ந்து பத்து முறை வென்றால் பூமி அதன் கைக்குப் போய்விடும். ஒன்பது முறை வென்றாயிற்று. கெவின் ட்ரோனியின் திரைக்கதையில் கதை என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ இவ்வளவுதான். 101 நிமிடங்களில் அது எங்கும் வழி தவறுவதில்லை.

இது சாதாரண விஷயம் அல்ல என்பது அதற்கு முன் வந்த படங்களை நினைத்தால் விளங்கும். 1993-இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ மூல விளையாட்டின் நிறத்தையும் குதூகலத்தையும் துடைத்துவிட்டு, இருண்ட நகரம் ஒன்றைக் கட்டியது. 1994 டிசம்பரில், சுமார் மூன்றரைக் கோடி டாலர் செலவில் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’, விளையாட்டின் மைய வீரர்களான ரியூவையும் கென்னையும் ஓரத்துக்குத் தள்ளி, கைல் என்ற ராணுவ அதிகாரியாக வான் டாமை நடுவில் நிறுத்தியது. சண்டைப் போட்டியின் இடத்தில் ராணுவ நடவடிக்கை ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ‘மார்ட்டல் காம்பாட்’ அதற்கு எட்டு மாதங்கள் கழித்து, ஏறத்தாழ இரண்டு கோடி டாலருக்குள் முடிந்த படம். வான் டாமைத் தேடிப்போய்க் கிடைக்காத விளையாட்டிலிருந்து பிறந்த படம், வான் டாம் நடித்த போட்டிப் படத்தைவிடத் தன் மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்பது வேடிக்கைதான்.

இயக்குநர் பால் ஆண்டர்சன் அப்போது ‘ஷாப்பிங்’ என்ற சிறிய பிரிட்டிஷ் படம் ஒன்றை மட்டுமே எடுத்திருந்தவர். அனுபவமின்மை படத்தில் தெரிகிறது. வசனக் காட்சிகளில் நடிகர்கள் வரிசையாக நின்று ஒப்பிக்கிறார்கள், ஒரு காட்சியிலிருந்து இன்னொரு காட்சிக்குப் போவதற்கு யாராவது நடந்துகொண்டே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் இடத்தைக் கண்ணால் அளக்கத் தெரிந்தவர் அவர் என்பதும் அதே அளவுக்குத் தெரிகிறது. தூண்கள், படிக்கட்டுகள், சிலைகள், புகை, கீழிருந்து வரும் ஒளி ஆகியவற்றை வைத்துக்கொண்டே ஒவ்வொரு சண்டைக்கும் தனித்தனி அரங்கை அமைத்துவிடுகிறார். விளையாட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னணிச் சித்திரம் மாறுவதைப் போலவே இங்கும் மாறுகிறது.

படத்தின் உயிர் அதன் உடல்களில் இருக்கிறது. நாயகன் லியூ காங்காக நடித்த ராபின் ஷூ ஹாங்காங்கில் பிறந்து, அமெரிக்காவில் சிவில் பொறியியல் படித்து, சீனாவில் வூஷு பயின்று, ஹாங்காங் படங்களில் அடியும் உதையும் வாங்கி வளர்ந்தவர். அவருடைய முகம் உணர்ச்சிக் காட்சிகளில் கொஞ்சம் இறுகியே இருக்கிறது. தம்பியை இழந்த அண்ணனின் துயரத்தைவிட அவனுடைய சினமே அவருக்கு எளிதாக வருகிறது. ஆனால் அவர் கால் தூக்கும்போது படம் வேறு படமாகிவிடுகிறது. சண்டை அமைப்பாளராகப் பணியாற்றியவர் ‘தி கராத்தே கிட்’ படத்துக்குச் சண்டை அமைத்த பாட் ஜான்சன். முதல் வெட்டைச் சோதனையாகத் திரையிட்டுக் காட்டியபோது பார்வையாளர்கள் இன்னும் சண்டை வேண்டும் என்று கேட்க, கூடுதல் படப்பிடிப்பு நடந்தது. பல்லி வீரன் ரெப்டைலோடு லியூ காங் மோதும், ஷூவே முன்னின்று அமைத்த சண்டை அப்படிச் சேர்ந்ததுதான். கீத் குக் ரெப்டைலாக வரும் அந்தச் சில நிமிடங்களில் கேமரா தள்ளி நின்று முழு உடலையும் காட்டுகிறது, அடி விழுவதற்கும் விழுந்தவன் எழுவதற்கும் இடையே வெட்டாமல் பொறுத்திருக்கிறது. ஹாங்காங் படங்களில் ஊறியவர்களுக்கு இது புதிதல்ல; 1995-இன் ஹாலிவுட்டுக்குப் புதிது. அந்தச் சண்டையில் ஷூவின் விலா எலும்புகள் முறிந்தன என்ற செய்தியைத் தெரிந்துகொண்டு பார்த்தால், தூணில் முதுகு மோதும் நொடி நமக்கும் வலிக்கிறது.

மாயாவியின் அடியாளான ஸ்கார்பியனோடு ஜானி கேஜ் மோதும் காட்சிதான் என் கணிப்பில் படத்தின் உச்சம். உயர்ந்த மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும் காட்டில் அது தொடங்குகிறது. ஸ்கார்பியனின் உள்ளங்கை பிளந்து, விளையாட்டில் வெறும் கயிற்று ஈட்டியாக இருந்தது உயிருள்ள பாம்பைப் போல வெளியே பாய்ந்து, மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து கேஜைத் துரத்துகிறது. பிறகு சண்டை சாரங்களும் எலும்புகளும் நிறைந்த பாதாள உலகுக்கு மாறுகிறது. ஸ்கார்பியனாக வந்த கிறிஸ் காசமாசா கராத்தே வீரர்; கேஜாக நடித்த லிண்டன் ஆஷ்பி நடிகர். இருவருக்கும் உள்ள அந்த வேறுபாட்டைக் காட்சி மறைக்கவில்லை, பயன்படுத்திக்கொள்கிறது: கேஜ் சமாளிக்கிறான், தடுமாறுகிறான், கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கிறான். ஆஷ்பிக்குச் சிறுநீரகத்தில் அடிபட்டதும் இங்கேதான். மண்டையோடு எரிந்து வெடித்த பிறகு, கேஜ் தன் கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்றைத் தரையில் போட்டுவிட்டுப் போவது விளையாட்டின் இரண்டாம் பாகத்திலிருந்து வந்த குறும்பு.

பூமியின் தரப்பில் மோதும் வீராங்கனை சோனியாவாக முதலில் ஒப்பந்தமானவர் கேமரூன் டயஸ். பயிற்சியில் மணிக்கட்டு முறிந்ததால் அவர் விலக, பிரிட்ஜெட் வில்சன் வந்தார். வில்சன் தன் சண்டைகளைத் தானே செய்தார் என்பது மதிக்கத்தக்கது. ஆனால் கடைசிப் பகுதியில் அவரை மாயாவி கடத்திக்கொண்டுபோய், குட்டைப் பாவாடை அணிவித்துக் கட்டிவைப்பதை இன்று பார்க்கும்போது சலிப்பே வருகிறது. தலையைத் தன் கால்களுக்கு இடையே பூட்டி, வில்லன் கேனோவின் கழுத்தை முறித்த பெண்ணுக்குத் திரைக்கதை செய்த துரோகம் அது. புறவுலக இளவரசி கிடானாவாக வரும் டலிசா சோட்டோவுக்கோ ஜாடையாகப் பேசுவதைத் தவிரப் பெரிதாக வேலை இல்லை.

நடிப்பு என்று எடுத்துக்கொண்டால் மூவர் நிற்கிறார்கள். ஷாங் ட்சுங்காக வரும் கேரி-ஹிரோயுகி டகாவா ஒவ்வொரு வாக்கியத்தையும் கடைசிச் சொல்லில் மென்று துப்புகிறார். ‘உன் ஆன்மா எனக்குரியது’ என்ற ஒரே வசனத்தை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டார் என்று சொன்னாலும் மிகையில்லை. இடிக்கடவுள் ரெய்டனாக வரும் கிறிஸ்டோபர் லாம்பர்ட், உலகத்தின் தலைவிதி உங்கள் கையில் என்று கரகரத்த குரலில் சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்து மன்னிப்புக் கேட்கிறார். கடவுளுக்குத் தன் பக்தர்களைப் பார்த்துச் சிரிப்பு வருவது என்ற அந்தச் சிறிய விளையாட்டுத்தனம், படம் தன்னையே எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கான அளவுகோல். செலவைக் குறைக்க லாம்பர்ட்டின் பகுதிகளை லாஸ் ஏஞ்சலிஸில் மட்டும் எடுத்துக்கொள்வதாகத்தான் திட்டம். அவராகவே தாய்லாந்துக்கும் வந்து நடித்துக் கொடுத்தார் என்று ஆண்டர்சன் பின்னர் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். மூன்றாமவர் கேனோவாக வரும் ட்ரெவர் காடர்ட். அவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

தாய்லாந்துப் படப்பிடிப்பு படத்துக்குக் கொடுத்திருப்பதை எந்த அரங்க நிர்மாணமும் கொடுத்திருக்க முடியாது. 1767-இல் பர்மியப் படையால் அழிக்கப்பட்ட பழைய தலைநகரான அயுத்தயாவின் செங்கல் கோபுரங்களும், கிராபியில் படகில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய பிரா நாங் கடற்கரையின் சுண்ணாம்புப் பாறைகளும் இதில் இருக்கின்றன. அந்தப் பாறைகளுக்கு நடுவே வீரர்கள் கரையேறும் காட்சியில், சில நொடிகளுக்கு இது மலிவான படம் என்பதே மறந்துபோகிறது. புறவுலகின் பாழ்நிலமாக வருவதோ கலிபோர்னியாவின் ஃபொண்டானாவில் கைவிடப்பட்டுக் கிடந்த கைசர் இரும்பாலை. போட்டி நடக்கும் உள்ளரங்குகளில் ஒளி எப்போதும் பச்சையாகவும் ஊதாவாகவும் இருப்பது ஒரு கட்டத்தில் கண்ணை உறுத்துகிறது.

குறைகளில் முதலாவது கணினி வரைகலை. சண்டைக்கு முன் பல்லியாகத் திரியும் ரெப்டைல், இன்றைய கைப்பேசி விளையாட்டுகளுக்கும் கீழே நிற்கிறது. நான் பார்த்த பிரதியின் கூர்மை அதை மேலும் அம்பலப்படுத்துகிறது. நான்கு கை கொண்ட கோரோவின் கதை வேறு. பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, உள்ளே ஒருவர் நிற்க, முகத்தையும் கைகளையும் வெளியிலிருந்து பத்துக்கும் மேற்பட்டோர் இயக்கும்படி செய்யப்பட்ட இயந்திர உடல் அது. சண்டையில் அதன் அசைவு கனத்துத்தான் இருக்கிறது, அதனால்தான் கேஜ் அதைச் சண்டையில் வெல்லாமல், வான் டாமை நினைவூட்டும் வகையில் கால்களை விரித்து அமர்ந்து இடுப்புக்குக் கீழே ஒரு குத்து விட்டுவிட்டு ஓடுகிறான். இருந்தும், நிழல் விழும், தோல் சுருங்கும், மூச்சு வாங்கும் ஒரு பொருள் நடிகர்களோடு அதே அறையில் நிற்பதை நாம் உணர்கிறோம். ரெப்டைல் பல்லியைப் பார்த்துச் சிரித்த நான், கோரோவைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இரண்டாவது குறை, போட்டி என்று இவ்வளவு பேசிவிட்டு அதன் விதிகளைப் பாதி வழியில் மறந்துவிடுவது. யார் எத்தனை சுற்று ஆடினார்கள், தோற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதெல்லாம் காற்றில் விடப்படுகின்றன. எதையும் பனியாக உறையவைக்கும் சப்-ஸீரோவை லியூ காங் ஒரு வாளித் தண்ணீரால் வெல்வது அறிவுக்கு ஒத்து வராவிட்டாலும் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று மன்னித்துவிடலாம். இறுதிச் சண்டையை அப்படி மன்னிக்க முடியவில்லை. அதற்கு முந்தைய இரண்டு சண்டைகளைவிட அது மெதுவானது.

இசைக்குத் திரும்புகிறேன். அந்த முதல் கூச்சல், 1993-இல் விளையாட்டின் வீட்டுப் பதிப்புக்காக எடுக்கப்பட்ட தொலைக்காட்சி விளம்பரத்தில் தெருவில் நிற்கும் இளைஞன் ஒருவன் கத்தியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த இசைக்கலைஞர்கள் இருவர் ‘தி இம்மார்ட்டல்ஸ்’ என்ற பெயரில் விளையாட்டுக்காக வெளியிட்ட இசைத்தொகுப்பில் அந்தக் கூச்சலையும் விளையாட்டின் ஒலிகளையும் வெட்டி ஒட்டித் ‘டெக்னோ சிண்ட்ரோம்’ என்ற பாடலைச் செய்திருந்தார்கள். படம் அதை எடுத்துக்கொண்டது. பின்னணி இசையமைத்த ஜார்ஜ் எஸ். கிளின்டன் மின்கிதாரையும் கீழை நாட்டுத் தாளக்கருவிகளையும் கலந்து சண்டைகளுக்கு இடையிலான பள்ளங்களை நிரப்பினார். சண்டைகள் வரும்போது அந்தப் பின்னணி இசை ஒதுங்கிக்கொண்டு டெக்னோவும் உலோக ராக்கும் வந்துவிடுகின்றன. பெரிய இசை நிறுவனங்களின் ஆதரவின்றி வந்த இந்த ஒலித்தட்டு அமெரிக்காவில் பிளாட்டினம் தகுதி பெற்றது. வாடகைக்கு எடுப்பவர்களுக்கு என் ஒரே கண்டிப்பான அறிவுரை: தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியை நம்ப வேண்டாம். முதல் இரவு அப்படிப் பார்த்தேன், இரண்டாம் இரவு நல்ல ஹெட்போனோடு பார்த்தேன். சண்டைகளின் வேகமே மாறிவிட்டது.

வணிகத்தில் படம் தொடர்ந்து மூன்று வாரங்கள் அமெரிக்க வசூல் பட்டியலில் முதலிடம் வகித்து, உலகெங்கும் 12 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆண்டர்சனுக்கு இதுவே ஹாலிவுட்டின் கதவைத் திறந்தது. 2002-இல் ‘ரெசிடென்ட் ஈவில்’ என்ற இன்னொரு விளையாட்டை எடுத்துக்கொண்டு அவர் பல பாகங்கள் ஓட்டினார்.

வசூலைவிட எனக்குச் சுவையாக இருப்பது, படம் விளையாட்டுக்குத் திருப்பிக் கொடுத்த கடன். விளையாட்டில் கேனோ ஆஸ்திரேலியன் அல்ல. இங்கிலாந்தில் பிறந்த காடர்ட் அவனுக்கு ஒரு முரட்டுப் பேச்சையும், வாயில் உணவை மென்றுகொண்டே மிரட்டும் மிதப்பையும் கொடுத்தார். அதை ஆஸ்திரேலியப் பேச்சு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டை உருவாக்கியவர்களும் கேனோவை ஆஸ்திரேலியனாக மாற்றிவிட்டார்கள். காடர்ட் 2003-இல் இறந்தார். சைமன் மெக்குவாய்ட் இயக்கி 2021-இல் வந்த புதிய படம் தெற்கு ஆஸ்திரேலியாவில் எடுக்கப்பட்டது, அதில் கேனோவாக வந்தவர் உண்மையான ஆஸ்திரேலிய நடிகர் ஜோஷ் லாசன். படத்தில் எல்லோரையும் சிரிக்கவைத்தவரும் அவர்தான். டகாவாவின் முகமும் குரலும் 2019-இல் ‘மார்ட்டல் காம்பாட் 11’ விளையாட்டில் ஷாங் ட்சுங்குக்கு வந்து சேர்ந்தன. அடுத்த ஆண்டு அதே விளையாட்டில் லாம்பர்ட், ஆஷ்பி, வில்சன் மூவரும் தங்கள் பழைய பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தார்கள். 2023-இல் வந்த விளையாட்டில் ஜானி கேஜுக்கு வான் டாமின் முகத்தையே தெரிவுசெய்துகொள்ளும் வசதி வந்தபோது, 1992-இல் கைகூடாத எண்ணம் ஒருவழியாக முடிந்தது.

அந்த 2021 படத்தையும் பார்த்தவன் என்ற முறையில் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் ரத்தம் தாராளமாக இருக்கிறது, ஃபேட்டாலிட்டிகள் இருக்கின்றன, பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் ஹிரோயுகி சனாடாவும் ஜோ தஸ்லிமும் மோதும் தொடக்கக் காட்சி 1995 படத்தின் எந்தக் காட்சியையும்விட நேர்த்தியானது. ஆனால் போட்டி தொடங்குவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. விளையாட்டிலேயே இல்லாத கோல் யங் என்ற புதிய நாயகன் நடுவில் நிற்கிறான். 1995 படம் விட்டதை 2021 படம் பிடித்தது, பிடித்ததை விட்டது. இரண்டில் ஒன்றைத் திரும்பப் பார்க்கச் சொன்னால் நான் பழையதையே எடுப்பேன்.

விளையாட்டை ஒருமுறையும் தொடாதவர்கள் முதல் முப்பது நிமிடங்களில் பொறுமை இழக்கக்கூடும். அவர்கள் ஸ்கார்பியன் சண்டையிலிருந்து ரெப்டைல் சண்டை வரை பார்த்தாலே கொடுத்த வாடகைக்கு ஈடாகிவிடும். பதிமூன்று வயதுக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். படத்தின் முடிவில் வானத்தைப் பிளந்துகொண்டு புறவுலகப் பேரரசன் ஷாவோ கான் தோன்ற, ரெய்டனும் மற்றவர்களும் சண்டைக்கு நிலை எடுக்கிறார்கள், மறுபடியும் அந்தக் கூச்சல், படம் முடிகிறது. இணையதளம் உடனே 1997-இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பரிந்துரைக்கும். முதல் படத்தின் ஒளிப்பதிவாளர் ஜான் லியனெட்டி இயக்கிய அந்தப் படம் இதே நொடியிலிருந்து தொடங்குகிறது. ஆனால் ரெய்டன் வேறு ஆள், சோனியா வேறு ஆள், கேஜும் வேறு ஆள், அந்தக் கேஜையும் சில நிமிடங்களில் கொன்றுவிடுகிறார்கள். முந்தையதைவிட அதிகமாக, மூன்று கோடி டாலர் செலவழித்து, அதன் பாதி வசூலைக்கூட எட்டாத படம். பரிந்துரைப் பட்டியில் எண்கள் பின்னோக்கி ஓடத் தொடங்கியதும் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிடுங்கள்.